கிட்டார்ப் பெட்டியின் உறுமல்



தோட்டத்துத் திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இசைக்குழு வாசிக்கும்போது நாம் எல்லாரும் கேட்டிருக்கும் ஓசை ஒன்று உண்டு. பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும், அறிவிப்பாளர் வாயெடுப்பதற்கு முன்னால், கிட்டார் வாசிக்கும் தம்பியின் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் வரும். பாட்டு நடக்கும்போது அது தெரிவதில்லை. அமைதி வந்தவுடன்தான் தலை காட்டும். இன்றைய உரையில் அந்த உறுமலைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

உறுமலுக்கு மருந்து கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். "பழைய வால்வுப் பெட்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "உள்ளே டிரான்ஸ்பார்மரை மாற்ற வேண்டும், பெரிய செலவு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கூட்டத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவராக இருப்பார். "பிளக்கைக் கழற்றி அந்தப் பச்சை வயரை வெட்டிவிடு, நின்றுபோகும்" என்பார். முதல் இரண்டு பதில்களும் பெரும்பாலும் தவறு. மூன்றாவது பதில் சில சமயங்களில் பலித்துவிடும். அதனால்தான் அது மற்ற இரண்டையும்விடப் பொல்லாதது. பிள்ளை கிட்டார் வாசிக்கிற வீட்டில் தாய் தகப்பனுக்கும் இந்த விவரம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில், வால்வு என்பது என்ன? 1904ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் இரண்டு உறுப்புகள் கொண்ட வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதற்குள் மூன்றாவது உறுப்பைச் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வழி பிறந்தது. நம் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டிகளெல்லாம் வால்வுப் பெட்டிகளே. 1947இல் டிரான்சிஸ்டர் வந்தது. பின்னர் அது வானொலியிலிருந்து வால்வை விரட்டிவிட்டது. ஆனால் கிட்டார்க்காரர்களிடம் மட்டும் அதன் ஆட்டம் பலிக்கவில்லை. சத்தத்தை மிகுதியாக ஏற்றும்போது வால்வு ஒலியைச் சிதைக்கும் விதம் காதுக்கு இதமாக இருக்கிறது என்று அவர்கள் அதை விடவே இல்லை. 1961இல் கிளிப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு, இந்த வட்டாரத்தில் கிட்டார்க் குழுக்கள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. ஷேடோஸ் வைத்திருந்தவையும் வால்வுப் பெட்டிகள்தாம். இன்றும் ரஷ்யாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் வால்வு செய்கிறார்கள். ஆகவே 'இந்த வால்வு இனிமேல் கிடைக்காது' என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டியதில்லை.

கிட்டார்ப் பெட்டியின் முதல் வால்வு பெரும்பாலும் ஈசிசி83 என்ற சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியாக இருக்கும். அமெரிக்கர்கள் அதையே 12ஏஎக்ஸ்7 என்பார்கள். அடியில் ஒன்பது முள் இருக்கும். உள்ளே நடுவில் மெல்லிய உலோகக் குழல் ஒன்று நிற்கும். அதன் பெயர் கத்தோடு. அந்தக் குழலுக்குள்ளே வெள்ளைக் காப்புப் பூச்சுப் பூசிய ஒரு கம்பி இழை இருக்கும், அதுதான் ஹீட்டர். அடுப்பு எரிந்தால் பானையிலிருந்து ஆவி கிளம்புவதைப் போல, ஹீட்டர் சூடேற்ற, கத்தோடிலிருந்து மின்னணுக்கள் கிளம்புகின்றன. அவற்றைப் பிடித்து இழுக்கிறது வெளியே நிற்கும் பிளேட் என்ற தகடு. இடையில் கிரிட் என்ற கம்பிச் சுருள், வாய்க்கால் மடையைப்போல் நின்று, கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. கிட்டார் தந்தியின் அதிர்வு மின்சாரமாக வந்து சேருவது அந்த மடையில்தான். அங்கே சிறிது அசைந்தாலும் போதும், பிளேட்டில் ஐம்பது அறுபது மடங்காகத் தெரியும். அடுத்த வால்வு அதையும் வாங்கி மேலும் பெருக்கும்.

இப்போது உறுமல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஹீட்டருக்குக் கொடுப்பது 6.3 வோல்ட் மாறுதிசை மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. கிட்டாரிலிருந்து வருவதோ ஏறக்குறைய பத்தில் ஒரு வோல்ட். மெல்ல மீட்டினால் அதனினும் குறைவு. அறுபது மடங்கு பலமுள்ள ஒருவன், அதே குப்பிக்குள், குண்டூசி இடைவெளியில் நின்றுகொண்டு விநாடிக்கு 50 முறை கத்திக்கொண்டிருக்கிறான். மெல்லப் பேசும் கிட்டாரின் குரலோடு அவன் குரலும் கலந்துவிட்டால், வால்வுக்கு இது வேண்டியது, இது வேண்டாதது என்ற வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே பெருக்கி அனுப்பும். இன்னொரு கணக்கும் உண்டு. மூன்று ஈசிசி83, இரண்டு ஈஎல்34 வால்வுகள் உள்ள ஒரு பெட்டியில் ஹீட்டர்கள் மட்டும் குடிக்கும் மின்சாரம் 3.9 ஆம்பியர். அந்த வயரைச் சுற்றிக் காந்தப் புலமும் விநாடிக்கு 50 முறை எழுந்து எழுந்து விழுகிறது.

ஆனால் எல்லா உறுமலும் ஹீட்டர் உறுமல் அல்ல. பெட்டியைத் திறக்காமலேயே இதைப் பிரித்தறிய முடியும். அதற்குக் காது இருந்தால் போதும். முதலில் கிட்டார் வயரைப் பெட்டியிலிருந்து உருவிவிடுங்கள். உறுமல் நின்றுவிட்டால் குற்றம் கிட்டாரிலோ வயரிலோ பக்கத்தில் எரியும் குழல் விளக்கிலோ இருக்கிறது. பெட்டியைக் குறை சொல்வதில் பயனில்லை. நிற்கவில்லையென்றால் சத்தத் திருகை முழுவதும் குறைத்துப் பாருங்கள். திருகோடு உறுமலும் இறங்கினால், அது அந்தத் திருகுக்கு முன்னால், அதாவது முதல் வால்வுப் பக்கம் பிறக்கிறது. திருகைக் குறைத்தும் அசையாமல் நின்றால் அது பின்னால் பிறக்கிறது.

அடுத்தது சுருதி பார்ப்பது. இது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. சரியாகச் சுருதி சேர்த்த கிட்டாரின் மிகத் தடித்த தந்தியில் மூன்றாவது மெட்டில் அழுத்தி மீட்டினால், விநாடிக்கு ஏறக்குறைய 98 அதிர்வு உள்ள சுரம் வரும். பெட்டியின் உறுமல் அந்தச் சுரத்தோடு ஏறக்குறைய ஒட்டி நின்றால், அது 100 அலைவு உறுமல். மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் இடத்தில், இரு திசை அலையும் ஒரு திசையில் திரும்புவதால், 50 என்பது 100 ஆகிறது. அங்கே அலையைச் சமன் செய்யும் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துபோயிருக்கலாம். பழைய பெட்டிகளில் இது மிகச் சாதாரணம். உறுமல் அந்தச் சுரத்துக்கு ஒரு தானம் கீழே, கிட்டாரின் எந்தத் தந்தியும் எட்டாத ஆழத்தில் நின்றால், அது 50 அலைவு உறுமல். ஹீட்டரைச் சந்தேகிக்க வேண்டியது அப்போதுதான். அமெரிக்கப் புத்தகங்களைப் பார்த்துப் படிக்கும் தம்பிமார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 அலைவு. ஆகவே அவர்கள் 60, 120 என்று எழுதியிருப்பதை நாம் 50, 100 என்று மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. கிட்டார்ப் பெட்டி தனியாக இருந்தால் அமைதி. அதை ஒலிபெருக்கியோடோ வேறொரு பெட்டியோடோ வயர் போட்டு இணைத்தவுடன் உறுமல். இரண்டு பெட்டிகளும் தத்தம் பிளக் வழியாக நிலத்தோடு இணைந்திருக்கின்றன. நாம் போட்ட வயர் மூன்றாவது இணைப்பாகி ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. அந்த வளையத்தில் சுற்றும் சிறு மின்சாரம்தான் உறுமலாகக் கேட்கிறது. பச்சை வயரை வெட்டு என்று சொல்பவர் வருவது இந்த இடத்தில்தான். வெட்டினால் வளையம் அறுகிறது, உறுமலும் நிற்கிறது, எல்லாரும் அவரைப் பாராட்டுகிறார்கள்.

அந்தப் பச்சை வயர் எதற்காக இருக்கிறது? நம் வீட்டு மூன்று முள் பிளக்கில் நீளமான முள் ஒன்று மேலே இருக்கிறதல்லவா, அதிலிருந்து பெட்டியின் உலோக உடம்புக்குப் போவது அது. இப்போது வரும் வயர்களில் பச்சையும் மஞ்சளும் கலந்த கோடாக இருக்கும். உள்ளே எங்காவது காப்பு கெட்டு, 240 வோல்ட் என்று நாம் சொல்லிப் பழகிய வீட்டு மின்சாரம் பெட்டியின் உடம்பைத் தொட்டுவிட்டால், அது பச்சை வயர் வழியாக நிலத்துக்குப் பாய்ந்து, பியூஸ் எரிந்து, பெட்டி செத்துவிடும். மனிதன் பிழைத்துக்கொள்வான். பச்சை வயர் இல்லாவிட்டால் பெட்டி உயிரோடுதான் இருக்கும். கிட்டாரின் தந்திகள் வயர் வழியாகப் பெட்டியின் உடம்போடு இணைக்கப்பட்டவை. தந்தியில் ஒரு கை. பாட வரும்போது மைக்கில் மறு கையோ உதடோ. மைக்கின் உடம்பு வேறொரு பெட்டி வழியாக நிலத்தோடு இணைந்திருக்கும். மின்சாரத்துக்கு இரு கைகளுக்கும் நடுவில், நெஞ்சு வழியாக, ஒரு பாதை கிடைத்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக நில இணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் விட்டார். அவருக்கு வயது 27. நம் திருவிழா மேடைகளோ மழைக்கு நனைந்த புல்தரையில் போடப்படுபவை. பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறுபவை. ஆகவே பிள்ளையின் பெட்டியில் பிளக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்; பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு. மூன்று வயர்களும் மூன்று முள்ளிலும் இறுக்கமாக இருக்க வேண்டும். இருந்த இடத்தில் பச்சை இல்லை என்றால், உறுமலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைத்தான் முதலில் போடச் சொல்ல வேண்டும். வளைய உறுமலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்துப் பிளக்கிலிருந்து எடுக்கலாம். இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் ஒலிக்கென்று செய்த சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் போடலாம். மின்சாரப் பிளக்கில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி ஹீட்டர் உறுமலுக்கு வருவோம். செலவு குறைந்தது முதலில். பெட்டியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கண்ணாடி ஆறிய பிறகு, முதல் வால்வை மெதுவாக உருவி, அதே வகை வேறொரு வால்வைப் போட்டுப் பாருங்கள். குழலுக்குள் இருக்கும் வெள்ளைக் காப்பு பழுதாகி, ஹீட்டரிலிருந்து கத்தோடுக்கு மின்சாரம் கசியும் வால்வுகள் உண்டு. அப்படியிருந்தால் வால்வு மாற்றியவுடன் பெட்டி அமைதியாகிவிடும். புது வால்வு வாங்காமலே, பெட்டிக்குள் இருக்கும் ஒரே வகை வால்வுகளை இடம் மாற்றிப் போட்டும் இதைச் சோதிக்கலாம். முதல் வால்வின் மேல் போடும் தகர மூடி காணாமல் போயிருந்தால் அதையும் தேடிப் போடுங்கள். பழுது பார்க்கிறவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறப்பது வழக்கம்.

இதற்கு மேல் உள்ள வேலைகளுக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். அது தொழில் கற்றவர்களின் வேலை. தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளை செய்யலாம்; பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். வால்வுப் பெட்டிக்குள் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். தக்க மின்தடை ஒன்றின் வழியாக அதை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, முள் சுழிக்கு வந்தது என்று கண்ணால் கண்ட பிறகே விரல் உள்ளே போகலாம்.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் வயர்களின் போக்கு. இரண்டு வயர்களையும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றோடொன்று இறுக்கமாகத் திரித்திருக்க வேண்டும். ஒன்றில் மின்சாரம் போகும்போது மற்றதில் திரும்பி வருகிறது. திரித்துவிட்டால் ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது அழித்துவிடும். திரித்த வயர் பெட்டியின் மூலையோடு ஒட்டிப் போக வேண்டும். கிரிட்டுக்குப் போகும் வயரின் பக்கத்தில் நீளமாகப் படுத்திருக்கக் கூடாது. கடக்க வேண்டி வந்தால் சிலுவைக் குறிபோல் குறுக்காகக் கடக்க வேண்டும். வால்வின் அடியில் 4, 5 ஆகிய இரண்டு முட்களும் ஒரு பக்கமும், 9ஆம் முள் மறுபக்கமுமாக ஹீட்டர் இணையும். அந்தக் கடைசி ஓர் அங்குலத்தில்தான் பலர் திரிப்பதை விட்டுவிடுகிறார்கள். முதல் வால்வில் அந்த ஓர் அங்குலம்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

அடுத்தது நடுப்புள்ளி. பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கம்பின் நடு தோளில் இருந்தால் இரு வாளிகளும் சமனாக நிற்கும். ஒரு முனையைத் தோளில் வைத்தால் மறுமுனை தரையில் இழுபடும். பழைய சிறு பெட்டிகள் சிலவற்றில் ஹீட்டரின் ஒரு முனையையே பெட்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். அப்போது மறுமுனையில் 6.3 வோல்ட் முழுவதும் ஆடும். நடுவைப் பெட்டியின் உடம்போடு சேர்த்துவிட்டால், ஒரு வயர் 3.15 மேலே போகும்போது மற்றது 3.15 கீழே போகும். பக்கத்தில் இருக்கும் கிரிட்டுக்கு ஒன்றின் தொல்லையை மற்றது ஈடு செய்துவிடும். டிரான்ஸ்பார்மரிலேயே நடு வயர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 100 ஓம், அரை வாட் மின்தடை இரண்டை எடுத்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒன்றாக உடம்புக்கு இணைத்தால் போதும். செய்கைமுறை நடு கிடைத்துவிடும். விலை சில காசு. ஏற்கெனவே உடம்போடு சேர்த்திருந்த பழைய முனையைப் பிரித்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். நடு வயர் இருக்கும் இடத்தில் இந்த மின்தடைகளும் வேண்டாம். டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டும் என்று சொன்னவரிடம், முதலில் இந்த நடுப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் வால்வின் கத்தோடில் 25 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்று இருக்கும். அது காய்ந்துபோனால் ஒலியும் குன்றும், ஹீட்டரிலிருந்து கசியும் உறுமலும் கூடும். பழைய பெட்டி என்றால் கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம்.

இவ்வளவும் செய்து இன்னும் மெல்லிய உறுமல் மிஞ்சினால், ஹீட்டரை நிலத்தைவிட உயரத்தில் உட்கார வைக்கும் முறை ஒன்று உண்டு. சூடான ஹீட்டரும் தன் பங்குக்கு மின்னணுக்களை உமிழ்கிறது. அவை கத்தோடுக்குத் தாவுகின்றன. ஹீட்டர் கத்தோடைவிட நாற்பது வோல்ட் அளவு நேர்மின் உயரத்தில் இருந்தால் அவை தாவ மாட்டா. பெட்டியில் 300 வோல்ட் இருக்கும் இடத்திலிருந்து 220 கிலோ ஓம், 33 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராகப் போட்டு நிலத்துக்கு இறக்கினால், இடையில் 39 வோல்ட் கிடைக்கும். அங்கே 47 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்றை நிலத்துக்கு வைத்து, ஹீட்டரின் நடுப்புள்ளியை உடம்பிலிருந்து பிரித்து இந்த இடத்தில் சேர்க்க வேண்டும். இதில் 300 வோல்ட் சம்பந்தப்படுவதால் கைதேர்ந்தவரே செய்ய வேண்டும்.

ஹீட்டருக்கு மாறுதிசை மின்சாரமே வேண்டாம், நேர்மின்சாரம் கொடுத்துவிடலாமே என்று கேட்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கொடுக்கலாம். ஒலிப்பதிவுக் கூடங்களின் கருவிகளில் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் நமக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. அதற்கென்று டயோடு, பெரிய கண்டென்சர் எல்லாம் சேர்க்க வேண்டும். அவற்றைச் சரியாக வைக்காவிட்டால் 50 அலைவு உறுமலை விரட்டிவிட்டு 100 அலைவு உறுமலை வீட்டுக்கு அழைத்து வந்ததாகிவிடும். வயரை ஒழுங்காகத் திரித்து, நடுப்புள்ளியைச் சரி செய்த பெட்டியில், ஒலிபெருக்கியில் காதை ஒட்டி வைத்தால் மட்டுமே கேட்கும் அளவு உறுமல் மிஞ்சும். திருமண வீட்டில் யாரும் அங்கே காதை வைக்கப் போவதில்லை.